பாசறையிலிருந்து வந்த மடல்கள்

முல்லைப்பாட்டின் தலைவிக்குப் பாசறையிலிருந்து ஓலை எதுவும் வருவதில்லை. பெருமுது பெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது தவிக்கும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி சொல்லும் ஆறுதல் மொழி அவர்கள் காதில் விழுகிறது. அதையே நற்சொல்லாகக் கொண்டுவந்து தலைவியிடம் உரைக்கின்றனர். பாசறையில் தலைவனோ புண்பட்ட யானைகளையும் பட்ட வீரரையும் எண்ணிக் கண் துயிலாதிருக்கிறான். இப்பாட்டை நான் வகுப்பில் நடத்திய ஓர் ஆண்டில், கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்தத் தலைவன் ஓர் ஓலை எழுதி அனுப்பியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு அது சிரிப்புக்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை. எழுத வல்ல தலைவன், எழுதியதைச் சுமந்து செல்லும் ஆள், வாசிக்க வல்ல தலைவி என்னும் மூன்றும் கூடினால் அல்லவா ஓலை ஊர் சேரும்?

நம் நாட்டுப் போர்வீரர் இலட்சக்கணக்கில் வீட்டுக்கு மடல் எழுதிய காலம் முதல் உலகப் போர்க் காலம். அப்போதும் மேற்சொன்ன மூன்றில் ஒன்றாகிய அஞ்சல் மட்டுமே ஒழுங்காக இருந்தது. எழுதியவர் பலருக்கு எழுத்துத் தெரியாது. பெற்றவர் பலருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் எழுதினர். அம்மடல்களைப் பற்றியே இங்குச் சொல்ல எண்ணுகிறேன்.

1914 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் லாகூர், மீரட் படைப்பிரிவுகள் பிரான்சு நாட்டு மார்சேய்த் துறைமுகத்தில் இறங்கின. பஞ்சாபி முஸ்லிம்கள், சீக்கியர், பட்டாணியர், ராசபுத்திரர், கூர்க்கர், கடுவாலியர் எனப் பலரும் அவற்றில் இருந்தனர். வெப்ப நாட்டுப் பருத்திச் சீருடையுடன் வந்தவர்கள் ஐரோப்பியக் கூதிர்காலத்துச் சேற்றில், பதுங்குகுழிகளில் இறக்கப்பட்டனர். ஈப்ர், லா பாசே, 1915 மார்ச்சில் நெவ் சாப்பல், செப்டம்பரில் லூசு எனக் களங்கள் தொடர்ந்தன. 1915 இறுதியில் காலாட்படை மெசபொத்தேமியாவுக்கு மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தது. போர் முழுவதிலும் இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அணிதிரட்டப்பட்டனர். 74,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய்.

பிரான்சில் இருந்தவர்கள் 1915-ஆம் ஆண்டில் வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மடல்களை ஊருக்கு எழுதினர். உருதுவிலும் குருமுகியிலும் இந்தியிலும் பிற மொழிகளிலும் அவை இருந்தன. இவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவை எவ்வாறு கிடைத்தன என்பதில்தான் வியப்பு இருக்கிறது. வீரர்களிடையே அரசுக்கு எதிரான எழுத்துகள் பரவுகின்றன என்னும் ஐயத்தால், இந்திய அஞ்சலைத் தணிக்கை செய்வதற்கென 1914 இலையுதிர்காலத்தில் ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஈவ்லின் ஹோவெல் என்பவர் அதன் தலைவர். முதலில் ரூவான் நகரிலும் பின்னர்ப் புலோன் நகரிலும் அவ்வலுவலகம் இயங்கியது. வாரந்தோறும் பைபையாக வரும் மடல்களில் இயன்றவற்றைப் பிரித்துப் படித்து, குறிப்பிடத்தக்க பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அறிக்கையுடன் மேலிடத்துக்கு அனுப்பினர். அவ்வறிக்கைகளும் இணைப்புகளும் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. டேவிட் ஓமிசி என்னும் வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து 1999-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

மூல மடல்களோ பெரும்பாலும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன, ஊரில் அழிந்தன. பரணில் கிடந்து, செல்லரித்து, மழையில் நனைந்து, அடுப்பெரிக்கப் பயன்பட்டு மறைந்தன. அன்புடன் காத்தவர்களிடம் தங்காதது, ஐயத்துடன் பிரித்தவர்களிடம் தங்கிவிட்டது. ஒரு கணவன் மனைவிக்குச் சொன்ன சொல்லை இன்று நாம் படிக்கிறோம் என்றால், அவளுக்காக எழுதப்படாத மொழியில், அவளுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட படியில் படிக்கிறோம். அவள் மொழியில் அச்சொல் எவ்வாறு ஒலித்தது என்பதை எந்தப் பேராசிரியரும் இனி மீட்டுத் தர இயலாது.

ஹோவெல் அவர்களின் குறிப்புகளில் ஒன்று தமிழ்த்துறையினராகிய நம் கவனத்துக்கு உரியது. 1915 சனவரி அளவில், வீரர்களின் மடல்களில் கவிதை மிகுதியாகத் தலைகாட்டுகிறது என்றும், அது மனக்கலக்கத்தின் கெட்ட அறிகுறி என்றும் அவர் எழுதினார். கவிதையை நோய்க்குறியாகக் கண்ட அந்த அதிகாரி இலக்கியச் சுவை அறியாதவர் அல்லர். பிற்காலத்தில் பட்டாணியர் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கியவர். அவர் கணிப்பு பிழையானதும் அன்று. உரைநடையில் சொல்ல இடமில்லாதவன் பாட்டுக்குள் ஒதுங்குகிறான்.

சொல்ல இடமில்லாமை என்றேன். ஒரு சிப்பாயின் மடல் எத்தனை பேரைக் கடந்தது என்று எண்ணிப் பாருங்கள். எழுதத் தெரிந்த தோழன் ஒருவனிடம் இவன் வாயால் சொல்கிறான். படைப்பிரிவின் அதிகாரி பார்க்கிறார். தணிக்கை அலுவலகம் பார்க்கிறது. ஊரில் அஞ்சற்காரரோ பள்ளி ஆசிரியரோ மௌலவியோ திண்ணையில் அமர்ந்து உரக்க வாசிக்கிறார். சுற்றிலும் தந்தை, தமையன், அண்டை வீட்டார். அவர்களுக்கும் பின்னே, கதவுக்கு அப்பால் மனைவி. மடலும் பெரும்பாலும் தந்தைக்கோ தமையனுக்கோதான் முகவரியிடப்படும். இத்தனை செவிகளுக்கு நடுவே கணவன் மனைவிக்கு என்ன சொல்லிவிட முடியும்?

இதை நான் ஆவணங்களைப் படித்து அறிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே அத்தகைய மடல்கள் மூன்று இருந்தன. என் நன்னாவின் தமையனார் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து 1916-இல் பஸ்ராவுக்குக் கப்பலேறியவர். அப்படையினர் பிரான்சுக்கு அல்லாமல் கிழக்காப்பிரிக்காவுக்கும் மெசபொத்தேமியாவுக்கும் அனுப்பப்பட்டனர். சாலை அமைப்பதும் ஆற்றில் பாலம் இடுவதும் அவர்கள் பணி. பெரிய நன்னாவை நான் பார்த்ததில்லை. அவர் மனைவியாரைப் பார்த்திருக்கிறேன். பெரிய நன்னி என்போம். 1960-ஆம் ஆண்டையொட்டி, நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் என்னை அழைத்து, தகரப் பெட்டியிலிருந்து அம்மடல்களை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மடிப்புகளில் தாள் அறுந்து நான்கு துண்டுகளாகிவிட்டிருந்தது. தலைப்பில் 786 என்னும் எண். அதன்கீழ், நல்ல திருத்தமான தமிழ்க் கையெழுத்து. எழுதிக் கொடுத்தவர் அதே அணியில் இருந்த கிறித்தவ நண்பர் என்று பெரிய நன்னி சொல்வார்.

மூன்று மடல்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். மணியார்டர் வந்து சேர்ந்ததா? வெயில் அதிகம். பேரீச்சம்பழம் மலிவு. பிறகு ஸலாம்களின் வரிசை தொடங்கும்: தந்தையார்க்கு, தாயார்க்கு, சிறிய தந்தையார்க்கு, பள்ளிவாசல் லெப்பைக்கு, கீழ வீட்டு மாமுவுக்கு, பசு ஈன்றதா என்று ஒரு வினாவுடன் இடையனுக்கு. பத்துப் பன்னிரண்டு பெயர்கள் முடிந்தபின் இறுதியாக ஒரு தொடர்: வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லவும். அவ்வளவே. பெயர் இல்லை, உறவுமுறை இல்லை, பன்மை விகுதியின் பின்னே ஒரே ஒருவர் நின்றார். நான் வாசித்துக்கொண்டே வந்து அவ்விடத்தைக் கடந்ததும், “அந்த எடத்த இன்னொரு தரம் வாசி, அத்தா” என்பார் பெரிய நன்னி. வாசிப்பேன். முகத்தில் எதுவும் தெரியாது. பாக்கை வெட்டிக்கொண்டிருப்பார்.

பெரிய நன்னா 1919-இல் உயிருடன் திரும்பினார்; கடை வைத்தார்; 1940-களில் காலமானார். அதிகம் பேசாதவர் என்று எல்லாரும் சொல்வர். மனைவியிடமும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அவருடன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெரிய நன்னிக்கு அந்த வாழ்க்கையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள அம்மூன்று தாள்களே கிடைத்தன போலும். 1970-க்குப் பிறகு ஒரு பெருமழையில் பெட்டியோடு அவையும் போயின.

ஆகவே, பிரான்சிலிருந்து எழுதப்பட்ட மடல்களில் அதே ஸலாம் வரிசையை, அதே பணவிசாரணையை, அதே கால்நடை விசாரணையைக் கண்டபோது, சில ஆய்வாளர்கள் செய்வது போல அவற்றைச் சடங்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டிஷ் வீரர்களுக்கு அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று வழங்கப்பட்டது. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன் என்பன போன்ற வாக்கியங்கள் அதில் இருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட வேண்டும். கையொப்பமும் நாளும் அன்றி வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும். அரசு அச்சிட்டுக் கொடுத்த வாய்பாடு அது. நம்மவர் தமக்கென வைத்திருந்த வாய்பாடு இன்னும் பழையது. அதற்குள் நுழைந்து பேசும் வழியையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

ஒரு சான்று பலரும் எடுத்துக்காட்டுவது. கறுத்த மிளகு, சிவந்த மிளகாய் என்று சிலர் எழுதினர். இந்தியாவிலிருந்து வந்த கறுத்த மிளகு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது; சிவந்தது இன்னும் இருக்கிறது என்பது செய்தி. சமையற் பொருள் அன்று அது. கறுத்தது இந்தியப் படை; சிவந்தது வெள்ளையர் படை. தணிக்கையாளர் இதை விரைவில் கண்டுகொண்டனர். ஊரில் திண்ணையில் கேட்டவர்களும் கண்டுகொண்டிருப்பர். வேறு சிலர் ஊரிலிருந்து சேங்கொட்டை அனுப்பச் சொன்னதும் பதிவாகியுள்ளது. சலவைத் துணிக்குக் குறியிடப் பயன்படும் அக்கொட்டையின் பால் பட்டால் உடம்பு புண்ணாகும் என்பது நம் நாட்டுப்புறத்தில் குழந்தைக்கும் தெரியும். புண்பட்டவன் சிறிது காலமாவது பதுங்குகுழிக்கு வெளியே இருப்பான். இன்னும் வெளிப்படையாக எழுதியவர்களும் உண்டு: தம்பியைப் படையில் சேர விடாதீர்கள் என்று. எத்தனையோ மடல்களில் இந்த ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப வருகிறது.

காயம் பட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பலர் முதலில் நம்பினர். தேறியவர்கள் மீண்டும் களத்துக்கே அனுப்பப்பட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. 1915-ஆம் ஆண்டு மடல்களின் கசப்புக்கு இது பெருங்காரணம். காயம்பட்டோர் பலர் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே மன்னர் குடும்பத்துப் பழைய அரண்மனையான ராயல் பெவிலியன் மருத்துவமனையாக்கப்பட்டது. சாதி, சமய வேறுபாடு கருதி ஒன்பது சமையற்கூடங்கள்; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள்; தொழுகைக்குத் தோட்டத்தில் இடம். சொர்க்கத்தில் இருக்கிறேன் என்னும் பொருள்பட அங்கிருந்து சிலர் எழுதினர். அதே நகரின் மற்றொரு மருத்துவமனையில் வெளியே செல்லத் தடை இருந்ததால், சிறையில் இருப்பதாகச் சிலர் எழுதினர். இரண்டையும் நம்பலாம்.

அங்கு இறந்த இந்துக்களும் சீக்கியர்களும் நகருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டனர். அவ்விடத்தில் எழுந்த சத்ரி என்னும் நினைவு மண்டபம் 1921-இல் திறக்கப்பட்டது. முஸ்லிம்களின் உடல்கள் வோக்கிங் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன; போபால் பேகம் ஷாஜகான் பெயரால் 1889-இல் எழுந்த பள்ளிவாசல் அங்கு இருந்தது. முஸ்லிம் வீரர்களை முறைப்படி அடக்கம் செய்வதில்லை என்று செர்மானியர் பரப்பிய பேச்சுக்கு மறுமொழியாக, அதன் அருகே தனி அடக்கத்தலம் அமைக்கப்பட்டு 1917-இல் நிறைவுற்றது. 1960-களின் இறுதியில் அவ்வுடல்கள் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. உயிரோடு இருந்தபோது ஊர் திரும்பக் கேட்டவர்கள் இறந்த பிறகும் ஒரு முறை இடம் மாறினர். அதுவும் ஊர்ப்பக்கம் அன்று.

முஸ்லிம் வீரர்களின் மடல்களைப் படிக்கும்போது எழுதப்பட்டவற்றோடு எழுதப்படாதவற்றையும் எண்ண வேண்டியிருக்கிறது. 1914 நவம்பரில் துருக்கி போரில் இறங்கியது; கலீஃபாவின் படைக்கு எதிரணியில் இவர்கள் நின்றனர். 1916 பிப்ரவரியில் பஸ்ராவில் 15-ஆம் லான்சர்ஸ் குதிரைப்படையின் முஸ்லிம் வீரர்கள், புனிதத் தலங்கள் உள்ள நாட்டில் தம் சமயத்தவரை எதிர்த்துச் செல்ல மறுத்துத் தண்டனை பெற்றனர். அதே ஆண்டு அதே துறைமுகத்தில் இறங்கிய பெரிய நன்னாவின் காதுக்கு அச்செய்தி எட்டாமல் இருந்திருக்காது. அவர் மடலில் இருந்ததோ பேரீச்சம்பழத்தின் விலை.

பெண்களைப் பற்றி அவர்கள் எழுதியவற்றில் ஒன்று நம்மைப் போன்ற கல்விக்கூடத்தார் நினைக்கத் தக்கது. பிரெஞ்சு நாட்டுப்புற வீடுகளில் தங்கியவர்கள், அங்குள்ள பெண்கள் கணக்கெழுதுவதையும், கடை நடத்துவதையும், உழுவதையும், நாளிதழ் படிப்பதையும், மகனை இழந்த தாய் மறுநாளே வேலைக்கு எழுவதையும் கண்டனர். கண்டதை ஊருக்கு எழுதினர். நம் பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று தந்தையர்க்கும் தமையன்மார்க்கும் சிலர் வற்புறுத்தினர். இதை நாகரிக மோகம் என்று கொள்பவர் உண்டு. நான் வேறு விதமாகக் கொள்கிறேன். தன் மடலை மனைவி தானே பிரித்துத் தானே படிக்க இயலுமானால், திண்ணையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை அவளுக்குச் சொல்லலாம் என்று அவர்களில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் அரபுத்தமிழ் எழுதக் கற்ற பெண்கள், இலங்கைக்கும் மலேயாவுக்கும் சபர் போன கணவர்மாரோடு மடல் வழிப் பேசினர். பெரிய நன்னிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு நகரைச் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி வருந்தும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார்கள் என்றும், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எத்தனை காலம் பிரிவைத் தாங்குவாள் என்று வினவி, அதற்கு மேல் வீரர்களைக் களத்தில் நிறுத்தலாகாது என ஆணையிட்டார்கள் என்றும் நாம் கேட்டிருக்கிறோம். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் நூல்கள் கூறும். பிரான்சில் இருந்த இந்தியக் குதிரைப்படையினருள் மூன்றாண்டுக்கு மேல் வீட்டைக் காணாதவர் பலர். விடுமுறை கேட்டுக் கிடைக்காத குறை மடல்களில் மிகுதி. வந்துவிடுங்கள் என்று மன்றாடி ஊரிலிருந்து மனைவியர் எழுதுவித்த மடல்களும் தணிக்கையாளர் கையில் சிக்கின. ஆனால் எண்ணிக்கையில் மிகச் சில. அறிக்கையில் இடம்பெறுவதற்கு அவற்றில் இராணுவச் செய்தி எதுவும் இல்லை. பஞ்சாபுப் பெண்கள் போரையும் ஆள்சேர்ப்பையும் ஏசிப் பாடிய நாட்டுப்பாடல்களைப் பிற்கால அறிஞர்கள் தொகுத்துள்ளனர். எழுதத் தெரியாதவர்களின் மறுமொழி அது. எந்த அலுவலகத்தாலும் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவே, இடையாள் இன்றி அக்காலத்துச் சிப்பாயின் வாய்மொழியை நேரே கேட்க ஓரிடம் உண்டு. பெர்லினுக்குத் தெற்கே வூன்சுடார்ஃப் என்னும் ஊரில் முஸ்லிம் கைதிகளுக்காகவும் இந்தியக் கைதிகளுக்காகவும் செர்மானியர் ஒரு முகாம் அமைத்தனர். பிறை முகாம் என்று அதற்குப் பெயர். அங்கே 1915-இல் ஒரு பள்ளிவாசலும் கட்டினர். செர்மானிய மொழியறிஞர்கள் கைதிகளை ஒலிப்பதிவுக் கருவியின் குழல்முன் நிறுத்தி, அவரவர் மொழியில் பேசச் செய்து தட்டுகளில் பதிந்தனர். 1916 டிசம்பரில் பதியப்பட்ட ஒரு சீக்கிய வீரரின் குரல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் உள்ளது. இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த பேச்சு. தம்மைப் பற்றிக் கதை சொல்வது போல, யாரோ ஒருவன் என்று படர்க்கையில் வைத்துப் பேசுகிறார். அவன் ஊரில் வெண்ணெயும் பாலும் உண்டு வாழ்ந்தவன்; போருக்கு வந்தான்; பிடிபட்டான்; ஊர் திரும்பினால் அந்த உணவு மீண்டும் கிடைக்கும் என்று நினைக்கிறான். மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெண்ணெய் கடைந்த கை யாருடையது என்பதையும் அவர் சொல்லவில்லை.